பதம் தவறிய சோப்பு



மாரேட்பள்ளியில் வசிக்கும் அன்னையார் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் இல்லத் தொழில் பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதத்துடன், பழைய நாட்காட்டித் தாளிற் பொதிந்த ஒரு சோப்புத் துண்டும் இருந்தது. தாளைப் பிரித்தபோதே துண்டின் ஒரு மூலை பொடிந்து மேசைமேல் உதிர்ந்தது.

"என் பேரனுக்கு ஆறு மாதம் நிறைகிறது. கடைச் சோப்பு வேண்டாம், என் கையாலேயே செய்து தேய்ப்போம் என்று ஆசைப்பட்டேன். சென்னையில் இருக்கும் என் தங்கை எழுதி அனுப்பிய கணக்குத்தான். அவளுக்கு அங்கே சோப்பு வெண்ணெய்க் கட்டி போல் வழுவழுவென்று வருகிறது. எனக்கோ மேலே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளை படிந்து, கத்தியை வைத்தால் பதம் தவறிய மைசூர்பாகு போல் உதிர்கிறது. இதைக் குழந்தைக்குத் தேய்க்கலாமா? அல்லது குப்பையில் கொட்டிவிடட்டுமா?" என்று அவர் கேட்டிருந்தார்.

அக்கடிதத்துக்கு நாம் அன்றே தொலைபேசியிற் கூறிய விடை இதுதான்: "அம்மா, குழந்தைக்கு வேண்டாம், குப்பைக்கும் இப்போது வேண்டாம். கையுறை அணிந்து, அதை ஒரு மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். பிறகு பேசுவோம்." அவ்விடையின் காரணத்தை எல்லா வாசகர்களும் அறிந்துகொள்வது நலம். ஏனெனில், வீட்டிலே சோப்பு செய்யும் ஆர்வம் நம் குடும்பங்களில் இந்நாளில் பெருகி வருகிறது. முதன்முறை செய்வோரில் பலருக்கும் சோப்பு ஏதேனும் ஒரு குறையுடனே பிறக்கிறது. அக்குறைகளிற் சில அழகை மட்டுமே கெடுப்பவை. சில தோலையே சுட்டுவிடுபவை. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாவிட்டால், நல்ல சோப்பைக் குப்பையிற் கொட்டுவோம். தீய சோப்பைக் குழந்தையின்மேல் தேய்ப்போம்.

பிறரைக் குறைகூற நமக்கு அருகதை இல்லை. நம் முதற் சோப்பின் கதையைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

சோப்பு ஆகும் விதம்

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் நீரின் துணையோடு கூடும்போது, இரண்டும் தம் இயல்பை இழந்து, சோப்பும் கிளிசரினும் ஆகிய இரு புதுப் பொருள்கள் பிறக்கின்றன. இம்மாற்றத்தின் உண்மையைத் தெளிவாக ஆராய்ந்து 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர் செவ்ரூல். அவர் காட்டிய உண்மையிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு: இன்ன எண்ணெய்க்கு இவ்வளவு காரம் என்பது இயற்கை வகுத்த கணக்கு. கறிக்கு உப்பிடுவதுபோல் கைப்பழக்கத்தால் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

ஒரு கிராம் தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு 0.134 கிராமும், கடலெண்ணெய்க்கு 0.136 கிராமும், விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராமும் போதும். தேங்காயெண்ணெயின் பசி மற்றவற்றினும் பெரிது என்பதைக் கவனியுங்கள். "தேங்காயெண்ணெய் விலை ஏறிவிட்டது, கடலெண்ணெய் ஊற்றினால் என்ன?" என்று எண்ணி, 300 கிராம் தேங்காயெண்ணெய்க்குப் பதிலாக அதே எடை கடலெண்ணெயை ஊற்றிவிட்டுச் சோடாவின் அளவை மாற்றாமல் விட்டால், சுமார் 14 கிராம் காரம் செலவாகாமல் சோப்பிலேயே தங்கிவிடும். அது சோப்பு அன்று. தோலை அரிக்கும் கட்டி.

இக்கணக்குகளைக் கற்க நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. எண்ணெய் வகைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நம் ஐதராபாத்தே பேர்பெற்ற இடம். தார்நாகாவில் இன்று இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் என்று விளங்குவது, 1944ஆம் ஆண்டில் ஐதராபாத் சமஸ்தானத்து ஆராய்ச்சிச்சாலையாகத் தோன்றியது. கொள்ளேகாலத்திற் பிறந்தவரும், நம் நாட்டுச் செக்கைப் பற்றியும் உணவு வரலாற்றைப் பற்றியும் பிற்காலத்தில் அரிய நூல்கள் எழுதியவருமான கே. டி. அச்சய்யா, 1950 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேதான் எண்ணெய்களையும் கொழுப்புகளையும் ஆராய்ந்தார்.

வீட்டுச் சோப்பை எளிதாக எண்ணவும் வேண்டாம். 1969ஆம் ஆண்டில் சென்னையில் இரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி. பி. சித்தன் என்பார், தோல் நோயுற்ற தொழிலாளருக்காக மூலிகைத் தைலம் சேர்த்துத் தேங்காயெண்ணெய்ச் சோப்பைத் தம் இல்லத்திலேயே செய்து பார்த்தார். அவருடைய துணைவியாரும் உடன் உழைத்தார். அதுவே மெடிமிக்ஸ் என்ற பெயரில் நாடெங்கும் பரவிற்று. சமையலறையிலே தொடங்கியும் சோப்புத் தொழில் செம்மையுற வளரக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அரை லிட்டர் அரைக்கிலோ அன்று

அன்னையாரின் தங்கை எழுதியனுப்பிய கணக்கு இது: தேங்காயெண்ணெய் 300, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 75, தண்ணீர் 150. கணக்கிலே பிழை ஒன்றும் இல்லை. இந்த எண்ணெய்கள் முழுவதும் சோப்பாக மாற 81 கிராமுக்குச் சற்று மேற்பட்ட சோடா வேண்டும். 75 கிராம் மட்டுமே இடுவதால், நூற்றுக்கு எட்டுப் பங்கு எண்ணெய் மாறாமல் எஞ்சி நின்று தோலுக்கு மென்மை தருகிறது. தேர்ந்தவர்கள் எப்போதும் இவ்வாறு சிறிது எண்ணெயை மிச்சம் விட்டே கணக்கிடுவார்கள்.

ஆனால் தங்கையார் எழுதிய தாளில் எண்கள் மட்டுமே இருந்தன. கிராமா மில்லிலிட்டரா என்ற குறிப்பு இல்லை. தங்கையார் எல்லாவற்றையும் தராசில் நிறுப்பவர். நம் அன்னையாரோ எண்ணெயைக் குவளையில் அளந்து ஊற்றி, சோடாவை மட்டும் நிறுத்தார். நீங்கள் வாங்கும் எண்ணெய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் என்று அச்சிட்டிருக்கும் இடத்துக்கருகே 910 கிராம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். எண்ணெய் நீரினும் இலேசானது. ஆகவே, அரைக்கிலோ எண்ணெய் வேண்டிய இடத்தில் அன்னையார் ஊற்றியது 455 கிராம் அளவே. குறைந்தது 45 கிராம். மிச்சமாக நிற்கவேண்டிய எண்ணெய் அத்தனையும் அந்தக் குறைவிலே போய்விட்டது. அதற்கு மேலும் சிறிது காரம் எஞ்சியது.

உதிரும் சோப்புக்கு முதற் காரணம் பெரும்பாலும் இதுவே. காரம் மிகுந்த சோப்பு வறண்டு, கடினமாகி, கத்தி பட்டால் சுண்ணாம்புக் கட்டி போல் நொறுங்கும். சில நாட்களில் அறுத்த முகங்களிலும் வெண்மை பூக்கும். எனவே, எடை காட்டும் சிறு மின்தராசு ஒன்று இல்லாமல் சோப்பு செய்ய முற்படவேண்டாம். தண்ணீர் உட்பட யாவற்றையும் நிறுத்தே சேருங்கள். ஒரு கிராம் வரை காட்டும் தராசு போதும். ஆனால் ஐந்து கிராம் முன்பின்னாகக் காட்டும் பழைய தராசு ஆகாது.

இதற்கு மாறான குறையும் உண்டு. சில சோப்பு நாட்கணக்கில் இறுகாமல், தொட்டால் பிசுபிசுத்து, எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் மிகுந்திருக்கலாம், விளக்கெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ அளவுக்கு மேல் சேர்ந்திருக்கலாம். சோடாவே வலுக் குன்றியிருப்பதும் உண்டு. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஓயாது ஈர்த்துக்கொள்ளும் பொருள். வாய் திறந்த பொட்டலத்தில் மாதக்கணக்கில் கிடந்த சோடா, நிறுத்தால் 75 கிராம் காட்டினும் வேலைக்கு அவ்வளவு ஆகாது. பேகம் பஜார் போன்ற மொத்தக் கடைவீதியில் வாங்குவோர், தளர்வின்றி மூடிய புதுப் பொட்டலமாகப் பார்த்து வாங்கி, வீட்டில் இறுகிய பிளாஸ்டிக் டப்பியில், எட்டாத உயரத்தில், பெயரெழுதி வைக்கவேண்டும்.

மார்கழியின் பொய்ப் பதம்

இனி நம் சொந்தக் கதை. நாம் முதன்முதலில் சோப்பு செய்தது ஒரு மார்கழி மாதத்து விடியலில். சென்னையில் வாழ்ந்த நாள் முழுவதும் தேங்காயெண்ணெய் என்றால் ஊற்றும் பொருள் என்றே அறிந்திருந்தோம். அவ்வெண்ணெய் சுமார் 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறைந்துவிடும். கடற்கரையிலே அதற்கு வாய்ப்பு அரிது. நம் ஐதராபாத்தோ கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த பீடபூமி. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 15 பாகையை ஒட்டி இறங்கும். பித்தளைத் தூக்கிலிருந்த எண்ணெய் பாதி உறைந்து, பாதி இளகி இருந்தது. அதைக் கரண்டியால் எடுத்தே பாத்திரத்திலிட்டு, சோடா நீரையும் சேர்த்துக் கிண்டினோம்.

பத்தே நிமிடத்தில் கலவை தோசை மாவுபோல் கெட்டிப்பட்டது. "பதம் வந்துவிட்டது, நமக்குக் கைராசி!" என்று அச்சில் ஊற்றிவிட்டு, அன்று முழுவதும் பெருமை பேசினோம். மறுநாட் காலையில் அச்சை எடுத்தால், மேலே கொழகொழவென்று எண்ணெய்க் கட்டி. அடியிலே தெளிந்த நீர். அந்நீரை வெறும் தண்ணீரென்று எண்ணி விரலால் தொடப்போன நம்மை, உடனிருந்த மருமகள் கைபிடித்துத் தடுத்தாள். அது எண்ணெயுடன் சேராமல் பிரிந்து நின்ற காஸ்டிக் நீர்.

நடந்தது இதுதான். கிண்டும்போது உருகிய எண்ணெயும் குளிர்ந்து மீண்டும் உறையத் தொடங்கியது. உறைதலால் வந்த கெட்டியை, சோப்பு உண்டானதால் வந்த கெட்டி என்று நாம் மயங்கினோம். சர்க்கரைப் பாகில் உண்மையான கம்பிப் பதமும், ஆறிப்போனதால் தோன்றும் பொய்ப் பதமும் வேறு என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். சோப்பிலும் அவ்வாறே. உண்மைப் பதத்தில் கலவை பளபளப்பாக, ஒரே சீராக இருக்கும். கரண்டியிலிருந்து வழியும் கோடு மேற்பரப்பில் சிறிது நேரம் நின்று பின் அடங்கும். பொய்ப் பதத்தில் கலவை மங்கலாக, ரவை போல் மணிமணியாக இருக்கும். ஐயம் தோன்றினால் பாத்திரத்தை வெந்நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்துள் சிறிது நேரம் வையுங்கள். பொய்ப் பதமானால் உடனே இளகி நீர்த்துப்போகும். மெய்ப் பதமானால் நீர்க்காது.

ஆதலால், குளிர்காலத்தில் எண்ணெயை முழுதும் உருக்கித் தெளிய வைத்து, எண்ணெயும் சோடா நீரும் 40 பாகையை ஒட்டி ஒத்த வெதுவெதுப்பில் இருக்கும்போது கலந்திடுங்கள். அச்சில் ஊற்றியபின் பழைய துண்டால் போர்த்தி வையுங்கள். எண்ணெயும் நீரும் பிரிந்துவிட்ட சோப்பையும் கொட்டவேண்டாம். கையுறையுடன், பிரிந்த நீர் உட்பட அனைத்தையும் எவர்சில்வர் பாத்திரத்திற் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து இளக்கி, மெய்ப் பதம் வரும்வரை மீண்டும் கிண்டுங்கள். நம் மார்கழிச் சோப்பு அவ்வாறுதான் பிழைத்தது.

கோடையும் மழையும்

சித்திரை, வைகாசி வெயிலில் தொல்லை நேர்மாறானது. காரமும் எண்ணெயும் கூடும்போது தாமே வெப்பத்தை எழுப்புகின்றன. வெளியே 40 பாகை காயும் நாளில் அவ்வெப்பம் போக வழியின்றி அச்சுக்குள் பெருகுகிறது. சோப்பின் உச்சியில் நீளவாட்டில் வெடிப்பு விழும். உள்ளே குகைபோல் துளைகள் தோன்றும். சில வேளை பால் பொங்குவதுபோல் அச்சைவிட்டு வழியும். தேன், வெல்லம், பால் சேர்த்தவற்றில் இது மிகுதி. கோடையிற் செய்வோர் அச்சைப் போர்த்தாமல், நல்ல காற்றோட்டத்தில் வைத்து, அச்சின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை இடம் விட்டு ஊற்றவேண்டும். முதல் இரண்டு மணி நேரம் கண்காணிக்காமல் வெளியே செல்லக்கூடாது. வெறும் வெடிப்பு மட்டுமானால் சோப்புக்குக் கேடில்லை. துளைகளுக்குள் ஈரம் தேங்கியிருந்தால் மட்டும், அது காரமாக இருக்கக்கூடும் என்பதால், சோதித்த பின்னரே தொடவேண்டும்.

மழைக்காலத்தில், நன்றாக இறுகிய சோப்பின்மேல் பனித்துளி போல் நீர் முத்துக்கள் தோன்றும். "எண்ணெய் கக்குகிறது" என்று அஞ்சிப் பலர் எறிந்துவிடுகிறார்கள். அது எண்ணெய் அன்று. எண்ணெயின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கிளிசரினாக மாறி, வீட்டுச் சோப்பில் பிரிக்கப்படாமல் உள்ளேயே தங்கியிருக்கிறது. கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. துடைத்துவிட்டு, ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு, காற்றோட்டமுள்ள தட்டில் அடுக்கினால் போதும். கடினம் வேண்டி உப்புச் சேர்த்த சோப்பும் இவ்வாறே வியர்க்கும்.

கண்ணுக்கு மட்டும் குறை

சில குறைகள் உண்மையிற் குறைகளே அல்ல. அறுத்த கட்டியின் நடுவே கருவிழி போல் இருண்ட வட்டம் தெரிவது, நடுப்பகுதி மிகச் சூடாகியும் ஓரங்கள் சூடாகாமலும் போனதால். நரம்புபோல் தெளிந்த கோடுகள் ஓடுவதும், சிறு சிறு காற்றுக் குமிழிகள் நிற்பதும் தீமை பயப்பன அல்ல. குமிழி வராதிருக்க, கைமிக்ஸியை ஓயாது ஓட்டாமல், இடையிடையே நிறுத்திக் கரண்டியாற் கிண்டுங்கள். அச்சைத் தரையில் இலேசாகத் தட்டுங்கள்.

மேற்பரப்பில் மட்டும் படியும் மெல்லிய வெள்ளைப் பொடியைப் பற்றித்தான் மிகுதியான அச்சம் காண்கிறோம். இறுகுமுன் மேலே நின்ற காரம், காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் கூடிச் சோடா உப்பாக மாறியதே அது. நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர் துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண்ணிலுள்ள உப்பும் அதே இனத்ததுதான். அதைச் சீவி எடுத்துவிட்டால் உள்ளே நல்ல சோப்பு இருக்கும். ஊற்றியவுடன் அச்சை மூடிவைத்தாலும், தண்ணீரை அளவோடு சேர்த்தாலும், இது பெரும்பாலும் தோன்றாது. ஆனால் மேலே வெண்மை, உள்ளே உதிர்வு என இரண்டும் கூடியிருந்தால், மேற்பொடியென்று தள்ளிவிடலாகாது. அன்னையாரின் சோப்பு இவ்வகையது.

இலவங்கத் தைலம் சேர்த்ததும் கலவை திடீரென்று கட்டிதட்டுவது அத்தைலத்தின் குணம். வாசனையைக் கடைசியில், சிறிதளவே சேருங்கள். மாதங்கள் கழித்து ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் சிக்கு நாற்றமும் தோன்றினால், மிஞ்சிய எண்ணெய் கெட்டுப்போயிற்று என்று பொருள். சூரியகாந்தி எண்ணெய் மிகுந்த சோப்பிலும், பலகாரம் சுட்ட பழைய எண்ணெயிற் செய்ததிலும் இது விரைவில் வரும். அத்தகைய எண்ணெயில் துணிச் சோப்பு செய்யலாம், உடம்புக்கு வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நம் நகரில் பல குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கின்றன. பாறையினூடே ஊறிவரும் அந்நீரில் சுண்ணச் சத்து மிகுதி. அது சோப்புடன் கூடித் தயிர்த் திப்பிபோல் கரையாத அழுக்காகப் படியும். சோடாவைக் கரைக்க வடிநீரையோ, வீட்டிலுள்ள ஆர்.ஓ. நீரையோ பயன்படுத்துங்கள். சென்னையில் நுரைத்த சோப்பு இங்கே நுரைக்காவிட்டால், சோப்பைக் குறைகூறுமுன் குழாயைப் பாருங்கள்.

சோதித்தலும் திருத்தலும்

ஐயத்துக்குரிய சோப்பைத் தேறவிட்டு, செய்த மூன்றாம் நாள் சோதிக்கலாம். பள்ளி ஆய்வுக்கூடங்களில் பயன்படும் பினாப்தலீன் என்ற மருந்தைச் சாராயத்திற் கரைத்த நீர்மம், வேதிப்பொருள் கடைகளிற் கிடைக்கும். உலர்ந்த சோப்பைப் புதிதாக அறுத்து, அறுத்த முகத்தின் நடுவிலும் ஓரத்திலும் ஒவ்வொரு துளி விடுங்கள். அடர்ந்த செவ்வூதா நிறம் தோன்றினால் காரம் எஞ்சியுள்ளது. நிறமே இல்லாமலோ மிக வெளிறியோ இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. லிட்மஸ் தாளைக்கொண்டு முடிவு செய்யவேண்டாம். நல்ல சோப்பும் காரத்தன்மை உடையதே ஆதலால், தாள் எப்படியும் நீலமாகும். சோப்பை நாக்கு நுனியில் வைத்துச் சுருக்கென்று தைக்கிறதா என்று பார்ப்பது பழைய தொழிலாளர் வழக்கம். புதியவர்களுக்கு அதை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

காரம் மிகுந்ததென்று தெரிந்தபின், அதைத் திருத்தலாமா என்பது ஒரே கேள்வியைப் பொறுத்தது: எங்கே பிழைத்தோம் என்பது தெரியுமா? தெரியும் எனில் திருத்தலாம். தெரியாது எனில், எவ்வளவு எண்ணெய் சேர்ப்பது என்பதும் தெரியாது. அத்தகைய கட்டியைத் தயங்காமல் ஒதுக்குங்கள். "துணி துவைக்கவாவது ஆகட்டும்" என்று கொடுப்பதும் தவறு. துவைக்கும் கையும் ஒரு மனிதருடைய கையே.

நம் அன்னையாருக்குப் பிழை தெரிந்துவிட்டது: 45 கிராம் எண்ணெய் குறைவு. அவர் அந்தச் சோப்பு முழுவதையும் கையுறையுடன் துருவி, இரண்டு கரண்டி நீர் தெளித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, அதைக் கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்தார். தேங்காயெண்ணெய் 27 கிராம், நல்லெண்ணெய் 13, விளக்கெண்ணெய் 5 என நிறுத்துச் சேர்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிளறியபின், அது கேழ்வரகுக் களிபோல் ஒரே சீராகச் சுருண்டது. அதை அச்சில் அழுத்தி வைத்தார். வழுவழுப்பு வரவில்லை, கரடுமுரடான நாட்டுச் சோப்புத்தான். ஆனால் மூன்றாம் நாள் விட்ட துளி நிறம் மாறவில்லை.

ஓர் எச்சரிக்கை

சோடாவைத் தண்ணீரிற் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாமேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் நம் வீடுகளிலுள்ள இண்டாலியமும் ஆகா. காரம் அவற்றை அரித்து, தீப்பற்றும் வாயுவை எழுப்பும். கையுறை, கண்ணாடி, திறந்த சன்னல் ஆகிய மூன்றும் இன்றித் தொடங்கவேண்டாம். மேலே தெறித்தால் வினிகரோ எலுமிச்சையோ தேடாமல், ஓடும் நீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். கண்ணிற் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே தூக்கிச் செல்லுங்கள். சோடா நீரைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது பெரும் பாவம். விற்பனை செய்ய எண்ணுவோர், குளியற் சோப்பும் அழகுப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும், 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெறவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, அன்னையாரின் முதற் கேள்வி எஞ்சி நிற்கிறது. திருத்திய சோப்பையாவது பேரனுக்குத் தேய்க்கலாமா? மனம் வருந்தியே சொல்லுகிறோம்: இப்போது வேண்டாம். மாசற்ற சோப்பும் 9 முதல் 10 வரை காரத்தன்மை அளவு காட்டும். மனிதத் தோலின் இயல்போ 5 என்ற அளவை ஒட்டிய இலேசான புளிப்பு. வளர்ந்தவர் தோல் அவ்வேறுபாட்டைத் தாங்கிச் சில மணியில் தன்னிலை அடையும். ஆறு மாதக் குழந்தையின் மெல்லிய தோல் அவ்வளவு எளிதில் தாங்காது. அதற்கு எது ஏற்றது என்பதைக் குழந்தை மருத்துவரே சொல்லட்டும்.

இதை நாம் கூறியபோது, தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு அன்னையார், "அப்படியானால் இதைக் குழந்தையின் அப்பாவுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவனும் நான் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளைதானே!" என்றார்.

நான்கு வாரம் உலர்ந்தபின் அவ்வாறே கொடுக்கும்படி சொன்னோம். பேரன் மெல்ல வளரட்டும். அவனுக்கு ஏற்ற வயது வருவதற்குள், தராசைக் கைவிடாத பாட்டியின் கையில் சோப்பும் வழுவழுப்பாக வந்துவிடும்.